பாட்டு நம் வீட்டில், பூட்டு யார் கையில்?

பல வீடுகளில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். பாட்டெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். வருஷக்கணக்காகச் சேர்த்த எம்.பி.3, சி.டி.யிலிருந்து ஏற்றியது, பழைய கேசட்டிலிருந்து பொறுமையாகப் பதிவு செய்தது என்று ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஆனால் அதைக் கேட்பது லேப்டாப்பின் அடியில் ஒளிந்திருக்கிற, கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கரில்! அதே வீட்டு ஹாலில், ஒரு காலத்தில் ஆசை ஆசையாய் வாங்கிய ஸ்டீரியோ துணி போர்த்திக்கொண்டு, தலையில் பூ ஜாடியைச் சுமந்துகொண்டு நிற்கும். அதன் கேசட் கதவு உடைந்திருக்கலாம், சி.டி. தட்டு வெளியே வர மறுக்கலாம். ஆனால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனது பாட்டை உள்ளே கொண்டுபோகும் வழிதான்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைக் கம்பியே இல்லாமல் ஹாலில் இருக்கும் ஸ்டீரியோவுக்கு அனுப்புவது இருபது வருஷத்துக்கு முன்பே தீர்ந்துபோன பிரச்சினை. தொழில்நுட்பம் கஷ்டமில்லை, விலையும் அதிகமில்லை. அப்படியிருந்தும் இன்றைக்கும் அது சரியாக நடப்பதில்லை. காரணம், நம் கம்ப்யூட்டருக்கும் நம் ஸ்டீரியோவுக்கும் நடுவே, நம் வீட்டுக்குள்ளேயே, வெளியாள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அனுமதித்தால்தான் பாட்டு. இது தேவையே இல்லாத ஏற்பாடு. எப்படி இப்படி ஆனது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

வயர் போதாதா?

நியாயமான கேள்வி. ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் சிவப்பு-வெள்ளை பின் இரண்டு. இந்த வயர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையில் ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபையரின் 'ஆக்ஸ்' ஓட்டையில் இன்னொரு பக்கம். முடிந்தது. கம்ப்யூட்டரும் ஸ்டீரியோவும் ஒரே மேஜையில் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. வேறு எதையும் வாங்காதீர்கள்.

பிரச்சினை அவை இரண்டும் வேறு வேறு அறையில் இருக்கும்போது வருகிறது. கதவிடுக்கில் வயர் ஓட்டினால் வீட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள், அன்றோடு அந்த வயரின் ஆயுள் முடிந்தது. அது மட்டுமல்ல. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஸ்டீரியோவோடு வயரில் இணைத்தால் சில சமயம் பின்னணியில் 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கும். இரண்டு கருவிகளும் வேறு வேறு பிளக் வழியாக எர்த் ஆகி, நடுவில் இந்த ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்சாரம்தான் உறுமலாகக் கேட்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே வயரே இல்லையென்றால் இந்த வளையமும் இல்லை. ஆக, வயர்லெஸ் என்பது சோம்பேறித்தனம் மட்டுமில்லை, அதில் ஒரு உருப்படியான லாபமும் உண்டு.

ப்ளூடூத்தா, வை-ஃபையா?

கம்பியில்லாமல் என்றதும் எல்லோரும் சொல்வது ப்ளூடூத். சின்ன ப்ளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி ஆக்ஸில் செருகினால் பழைய ஸ்டீரியோவும் பேச ஆரம்பித்துவிடும். மலிவானது, சுலபமானது. யாரிடமும் அனுமதி கேட்காது என்பது அதன் பெரிய குணம். அதை மறுக்க முடியாது.

ஆனால் அது குறுகிய தூரத்துக்காகவே பிறந்தது. பத்து மீட்டர் என்பார்கள், நடுவில் இரண்டு செங்கல் சுவர் வந்தால் அதுவும் குறையும். இரண்டாவது, ப்ளூடூத் பாட்டை அப்படியே அனுப்புவதில்லை. சி.டி. தரத்தில் ஒரு நொடி இசைக்குச் சுமார் 1411 கிலோபிட் வேண்டும் (44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடவை, பெருக்கிப் பாருங்கள்). எல்லா ப்ளூடூத் ஆடியோ கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. முறையில் நல்ல தரம் என்று வைத்தாலே சுமார் 328 கிலோபிட்தான். ஏற்கெனவே சுருக்கிய எம்.பி.3-ஐ விரித்து, மறுபடி வேறு விதமாகச் சுருக்கி அனுப்புகிறது. ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போல. எல்லோர் காதுக்கும் வித்தியாசம் தெரியும் என்று சொல்ல முடியாது. நல்ல ஸ்பீக்கர் உள்ள வீட்டில், பழகிய பாட்டில், சிலருக்குத் தெரியும்.

மூன்றாவது பிரச்சினைதான் பெரிய தொல்லை. ப்ளூடூத் அனுப்புவது பாட்டை அல்ல, கருவியின் மொத்தச் சத்தத்தையும். நல்ல ஆலாபனை நடுவே யாரோ அனுப்பிய 'குட் மார்னிங்' மெசேஜின் 'டிங்' ஹால் முழுக்க அதிரும்.

வை-ஃபை கதை வேறு. வீட்டில் ரவுட்டர் எட்டும் இடமெல்லாம் பாட்டும் எட்டும். 1999-இல் வந்த 802.11பி முறையே காகிதத்தில் 11 மெகாபிட் வேகம், 2003-இல் வந்த 802.11ஜி 54 மெகாபிட். நிஜத்தில் அதில் பாதி கூடக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன, சி.டி. தரப் பாட்டுக்கு ஒன்றரை மெகாபிட் கூட வேண்டியதில்லையே! எதையும் வெட்டாமல், பிட் பிட்டாக அப்படியே அனுப்பலாம். வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அவகாசம் வேண்டும் என்பதற்காகத்தான் வாங்கும் கருவி கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது (அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இரைகிறது) இரண்டு பொட்டலம் தவறினாலும் பாட்டு தடுக்காமல் போவது இந்தச் சேமிப்பால்தான். அதற்கான விலை: பட்டனை அழுத்தி ஓரிரு நொடி கழித்தே பாட்டு ஆரம்பிக்கும். பாட்டு கேட்க அது பரவாயில்லை. இதே வழியில் படம் பார்த்தால், வாய் முன்னே போகும், வசனம் பின்னே வரும்.

2004: சுவரில் செருகும் ஒரு சின்னப் பெட்டி

இந்த வேலையைச் சாதாரண மக்களுக்கும் எட்டும்படி செய்த முதல் கருவிகளில் முக்கியமானது ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ். ஜூன் 2004-இல் அறிவித்தார்கள், விலை 129 டாலர். லேப்டாப் சார்ஜர் மாதிரி இருக்கும், நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிவிடலாம். அடிப்பக்கம் ஒரு 3.5 மி.மீ. ஓட்டை. அந்த ஒரே ஓட்டையில் சாதாரண வயரும் போகும், டிஜிட்டல் ஒளி வயரும் போகும். கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் 4.6-ஐத் திறந்தால் கீழே ஒரு பட்டியல் வரும், அதில் ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸிலும் வேலை செய்தது. இந்த வசதிக்கு ஏர்ட்யூன்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

எவ்வளவு அழகான யோசனை பாருங்கள். "புது ஸ்பீக்கர் வாங்கு" என்று அது சொல்லவில்லை. உன்னிடம் இருக்கும் ஸ்டீரியோ எதுவானாலும் சரி, ஓர் ஓட்டை இருந்தால் போதும் என்றது. எந்தக் கம்பெனி சர்வரையும் கேட்காது. இன்டர்நெட் இல்லாத வீட்டிலும் ஓடும். பாட்டு படுக்கையறைக் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பி ஹாலுக்குப் போகும், நடுவில் யாரும் இல்லை.

ஆனால் அன்றே ஒரு பூட்டும் வைத்தார்கள். ஐட்யூன்ஸ் அனுப்பும் ஒலியை மறைகுறியாக்கி அனுப்பியது. எனவே வேறு மென்பொருளில் பாட்டு கேட்பவர் அந்தப் பெட்டிக்கு அனுப்ப முடியாது, வேறு கம்பெனி செய்த பெட்டிக்கு ஐட்யூன்ஸிலிருந்தும் அனுப்ப முடியாது. 129 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி, தன் முதலாளியின் மென்பொருள் சொல்வதை மட்டுமே கேட்கும்.

பூட்டு வைத்தால் திறக்கிறவரும் வருவார் அல்லவா? அதே ஆண்டு ஆகஸ்டிலேயே, டி.வி.டி. பூட்டு விவகாரத்தில் புகழ்பெற்ற நார்வேக்காரர் யோன் லெக் யோஹான்சன், அனுப்புவதற்குத் தேவையான பொதுச் சாவியைக் கண்டுபிடித்து 'ஜஸ்ட்போர்ட்' என்ற சிறு மென்பொருளோடு வெளியிட்டார். அனுப்பும் பக்கம் திறந்தது. வாங்கும் பக்கம் திறக்க இன்னும் ஏழு ஆண்டு ஆனது. 2011 ஏப்ரலில் ஜேம்ஸ் லெயர்ட் என்ற புரோகிராமர் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸின் உள்ளே இருந்த ரகசியச் சாவியை எடுத்து, 'ஷேர்போர்ட்' என்ற மென்பொருளாக எல்லோருக்கும் கொடுத்தார். எல்லாப் பெட்டியிலும் ஒரே சாவிதான் என்பதால் ஒன்று திறந்ததும் எல்லாம் திறந்துவிட்டது. அதிலிருந்து எந்தப் பழைய கம்ப்யூட்டரும் ஏர்ட்யூன்ஸ் (அதற்குள் அது ஏர்ப்ளே என்று பெயர் மாறியிருந்தது) ரிசீவர் ஆகலாம் என்ற நிலை வந்தது.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று. சொந்தக் காசில் வாங்கிய பெட்டிக்கு, சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, சொந்தப் பாட்டை அனுப்புவதற்கு ஏன் ஒருவர் சாவி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது? திருட்டைத் தடுக்க என்றால் அந்தப் பூட்டு எதையும் தடுக்கவில்லை. பாட்டுக் கோப்பு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் திறந்தே கிடக்கிறது. பெட்டியின் மறுபக்கம் சாதாரண வயரில் ஒலி வெளியே வருகிறது. பூட்டு தடுத்தது போட்டியாளர்களை மட்டும்தான்.

கம்பெனி போனாலும் பாட்டு நிற்காத பெட்டி

இதே காலத்தில் கலிபோர்னியாவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பெனி ஒன்று வேறு வழியில் போனது. 2001-இல் ஸ்லிம்பி3 என்ற வயர் பெட்டி, 2003-இல் வயர்லெஸ் வசதியோடு ஸ்க்வீஸ்பாக்ஸ். பெட்டியில் அதிகம் மூளை கிடையாது. மூளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் சர்வர் மென்பொருளில். அந்த சர்வரை அவர்கள் திறந்த மூலமாகவே வைத்திருந்தார்கள். பயனர்களே பிழை திருத்தினார்கள், புது வசதிகள் எழுதிச் சேர்த்தார்கள்.

2006-இல் லாஜிடெக் இந்தக் கம்பெனியை வாங்கியது. 2012-இல் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையை நிறுத்தியது. இன்டர்நெட் ரேடியோ போன்றவற்றுக்காக லாஜிடெக் நடத்திவந்த இணையச் சேவையையும் 2024-இல் மூடிவிட்டார்கள். வேறு எந்தக் கருவியாக இருந்தாலும் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

இங்கே முடியவில்லை! சர்வரின் மூலம் எல்லோர் கையிலும் இருந்ததால், பயனர்களே அதைத் தொடர்ந்து பராமரித்தார்கள். 2024-இல் 'லிரியன் மியூசிக் சர்வர்' என்று புதுப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய ஸ்க்வீஸ்பாக்ஸ், வன்பொருள் கெடாமல் இருந்தால், அதில் இன்றும் பாடும். செய்த கம்பெனி இல்லை, விற்ற கம்பெனி கைகழுவிவிட்டது, பெட்டி மட்டும் ஓடுகிறது. அன்று மூலத்தைத் திறந்து வைத்ததன் பலன் இது.

பாட்டு வீட்டில், சான்றிதழ் வெளியே

இதற்கு நேர் எதிரான கதை கூகுளின் க்ரோம்காஸ்ட் ஆடியோ. 2015 செப்டம்பரில் 35 டாலருக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தட்டு, பழைய ஸ்டீரியோவுக்கு வயர், அவ்வளவுதான். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸின் யோசனையை நாலில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தது. நல்ல கருவி. 2019 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினார்கள். சரி, நிறுத்தினால் என்ன, வாங்கியவர் வீட்டில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று தோன்றும்.

2025 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுக்க இந்தத் தட்டுகளும், இரண்டாம் தலைமுறை க்ரோம்காஸ்ட்களும் சேர்ந்தாற்போல் நின்றன. கருவி கெடவில்லை. வை-ஃபை கெடவில்லை. "இது உண்மையான கருவிதான்" என்று செயலிகளுக்கு உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்துவிட்டது. பத்து வருஷத்துக்குப் போட்டு வைத்தது, யாரும் கவனிக்கவில்லை! செயலிகள் அந்தக் கருவியை நம்ப மறுத்தன. பாட்டுக் கோப்பு வீட்டுக் கம்ப்யூட்டரில், ஸ்டீரியோ பக்கத்து அறையில், இரண்டுக்கும் நடுவே ஒரு தேதி. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது, அதைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அந்தச் சில நாட்களில், அவசரப்பட்டுக் கருவியை ரீசெட் செய்தவர்கள் கூடுதலாக அவதிப்பட்டார்கள். கைவிட்ட கருவிக்கு ஒரு கம்பெனி மறுபடி வந்து பழுது பார்ப்பது ஒவ்வொரு முறையும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சோனோஸ் கதையும் இந்த வகைதான். 2005 முதல் பல அறை வயர்லெஸ் ஒலிக் கருவிகள் விற்கிற, தரத்துக்குப் பேர் போன கம்பெனி. பழைய கருவியைத் திருப்பித் தருபவருக்குப் புதியதில் 30 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பழைய கருவியை 'ரீசைக்கிள் மோட்' என்பதில் போட வேண்டும். 21 நாள் கழித்து அது நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரை, யாருக்கும் பயன்படாமல், மென்பொருளால் கொல்வதற்குச் 'சுற்றுச்சூழல்' என்று பெயர்! 2019 கடைசியில் பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2020-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். பிறகு 2024 மே மாதம் வெளியிட்ட புதுச் செயலியில் அலாரம் போன்ற பழைய வசதிகள் பல காணாமல் போயிருந்தன. ஸ்பீக்கர் அதேதான், வாங்கியவரும் அவரேதான். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தன் ஸ்பீக்கர் செய்யும் வேலைகள் குறைந்துவிட்டன. அந்தக் கோபத்தின் முடிவில் 2025 ஜனவரியில் கம்பெனியின் தலைமை அதிகாரியே பதவி விலக நேர்ந்தது.

மறுபக்கம்

கம்பெனிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2005-இல் செய்த கருவிக்குள் இருக்கும் மெமரியும் பிராசஸரும் இன்றைய மென்பொருளுக்குப் போதாது. இருபது வருஷம் இலவசமாகப் புதுப்பித்துக்கொண்டே இரு என்று யாரையும் கேட்க முடியாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமல் இணையத்தில் விட்டால் ஆபத்து என்பதும் உண்மை.

ஆனால் இங்கே கேட்கப்படுவது புது வசதி இல்லை. வாங்கின அன்று செய்த வேலையைத் தொடர்ந்து செய்தால் போதும். புதுப்பிப்பதை நிறுத்துவது வேறு, ஓடுகிறதை நிறுத்துவது வேறு. மிக்ஸி கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால் வீட்டில் இருக்கும் மிக்ஸி சட்னி அரைக்க மறுக்கிறதா? பராமரிக்க முடியவில்லையா, போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமே. ஸ்க்வீஸ்பாக்ஸ் அதைத்தான் காட்டியது. ஆப்பிள் கூட ஏர்போர்ட் வரிசையை 2018 ஏப்ரலில் நிறுத்திய பிறகு, அதே ஆகஸ்டில் 2012 மாடல் எக்ஸ்பிரஸுக்கு ஏர்ப்ளே 2 வசதியைக் கொடுத்தது. மனமிருந்தால் முடிகிறது.

இன்னொரு கேள்வியும் வரும். "இந்தக் காலத்தில் யார் பாட்டைக் கோப்பாக வைத்திருக்கிறார்கள்? எல்லாம் ஸ்ட்ரீமிங்தானே?" பெரும்பாலானோருக்கு அது சரி. ஆனால் ஸ்ட்ரீமிங் சேவையில் இன்று இருக்கும் பாட்டு, உரிமைத் தகராறு ஒன்று வந்தால் நாளை இருக்காது. அதைவிட முக்கியமாக, எந்தச் சேவையிலும் எப்போதும் வராத ஒலிகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. தாத்தா கேசட்டில் பிடித்து வைத்த கோயில் கச்சேரி, பாட்டி பாடிய தாலாட்டு, அக்காவின் அரங்கேற்றம், யாரோ ரேடியோவிலிருந்து பதிவு செய்து பாதியில் அறுந்துபோன நாடகம். இவற்றுக்குக் கம்ப்யூட்டர்தான் வீடு. இவை குடும்பமாக உட்கார்ந்து, ஹாலில், பெரிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டியவை. ஒருவர் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பதற்காக அவற்றை யாரும் பதிவு செய்யவில்லை.

சரி, என்ன செய்வது?

எதையும் வாங்கும் முன் மூன்று சோதனை.

1. ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு ஸ்டீரியோவில் இன்னும் பாடுகிறதா? பாடினால் கருவி உங்களுடையது. நின்றால், நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள்.

2. கம்பெனியின் சொந்தச் செயலி தவிர வேறு ஏதாவது ஒரு மென்பொருளாவது அதற்குப் பாட்டு அனுப்ப முடிகிறதா?

3. சாதாரண ஆடியோ அவுட் ஓட்டை இருக்கிறதா? கருவியும் ஸ்பீக்கரும் ஒட்டிப்பிறந்த மாதிரி செய்தவற்றில், உள்ளே இருக்கும் சின்ன சிப் காலாவதியானால் நல்ல ஸ்பீக்கரும் சேர்ந்து குப்பைக்குப் போகும். தனித்தனியாக இருந்தால் கெட்டதை மட்டும் மாற்றலாம்.

மூன்றிலும் தேறும் வழிகள் இன்றும் உண்டு. கொஞ்சம் கை வைக்கத் தயார் என்றால் ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சின்ன கம்ப்யூட்டரை வாங்கி, யு.எஸ்.பி. ஆடியோ கார்டு ஒன்றைச் செருகி (பையின் பல மாடல்களில் ஆடியோ ஓட்டையே கிடையாது), ஸ்டீரியோவின் ஆக்ஸில் இணைக்கலாம். அதில் 'ஷேர்போர்ட் சிங்க்' போட்டால் ஏர்ப்ளே ரிசீவர், 'ஸ்க்வீஸ்லைட்' போட்டால் ஸ்க்வீஸ்பாக்ஸ். இரண்டும் இலவசம், திறந்த மூலம். ஒரு மதியம் செலவாகும். நண்பர்கள் கூட இருந்தால் இரண்டு மதியம்.

அவ்வளவு பொறுமை இல்லையா? மேஜை டிராயரில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுங்கள். அதன் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒரு வயர். கம்ப்யூட்டரில் பாட்டு ஃபோல்டரை வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டு, போனில் வி.எல்.சி. போட்டுத் திறந்தால் போதும். சிம் கார்டு தேவையில்லை, திரை கீறல் விழுந்திருந்தாலும் பாதகமில்லை. மெசேஜ் 'டிங்' தொல்லையும் இல்லை. யு.பி.என்.பி. என்ற பழைய பொது முறையும் இந்த வகைதான். அதைப் பரப்பிய டி.எல்.என்.ஏ. கூட்டமைப்பு 2017-இல் கலைந்தே போனது, ஆனால் முறை பொதுவானது என்பதால் அதைப் பேசும் டி.வி.க்களும் ஆம்ப்ளிஃபையர்களும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

எந்த வழியானாலும் இரண்டு எச்சரிக்கை. ஸ்டீரியோவின் பின்புறம் 'ஆக்ஸ்', 'டேப் இன்', 'சி.டி.' என்று எழுதியிருக்கும் ஓட்டைகளில் எதில் வேண்டுமானாலும் செருகுங்கள். 'ஃபோனோ' என்பதில் மட்டும் வேண்டாம். அது ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலுக்காகப் பல மடங்கு பெருக்கும் இடம், பாட்டு கரகரவென்று அலறும். இரண்டாவது, அனுப்பும் பக்கம் வால்யூமை நிறைவாக வைத்துக்கொண்டு, சத்தத்தை ஸ்டீரியோவின் குமிழில் கூட்டிக் குறைத்தால் இரைச்சல் குறைவாக இருக்கும். முதல் தடவை அந்தக் குமிழை அடிமட்டத்தில் வைத்து ஆரம்பியுங்கள், பக்கத்து வீட்டாரின் நட்பு முக்கியம்.

யாரும் பெரிய கம்பெனிகளைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. அவர்கள் கருவிகள் அழகானவை, சுலபமானவை, அந்தச் சுலபத்துக்காகக் காசு கொடுப்பதில் தவறும் இல்லை. கடையில் கேட்கும் கேள்வியை மட்டும் மாற்றினால் போதும். "எத்தனை வாட்ஸ், என்ன கலர்" என்பதோடு, "இன்டர்நெட் இல்லாவிட்டால் பாடுமா, நீங்கள் கடையை மூடினால் பாடுமா" என்றும் கேட்க வேண்டும். நிறையப் பேர் கேட்டால் அதையும் அட்டைப்பெட்டியில் அச்சடிப்பார்கள். கேட்கும் வரை அச்சடிக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் அந்தப் பூ ஜாடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, துணியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவின் பின்னால் 'ஆக்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.